மைசூர்–ஊட்டியா, புதுச்சேரி–சென்னையா, கொச்சியா? கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து ஐந்து நாள் கோடைச் சுற்று

மே மாதம், ஆறு பேர், ஐந்து நாள், நான்கு இரவு. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நண்பர் கூட்டங்கள் போடும் கோடைச் சுற்றுக் கணக்கு பெரும்பாலும் இதுதான். எந்த ஊர் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அடித்துக்கொள்வார்கள். எந்த வழியில் வீடு திரும்புவது என்று கேட்க ஆள் இருக்காது.

நம் பக்கத்தில் கிளம்புவது சுலபம். தேசிய நெடுஞ்சாலை 44 வாசலில் ஓடுகிறது, எந்த நேரமும் பெங்களூருக்கோ சேலத்துக்கோ பஸ் உண்டு. திரும்புவதுதான் பாடு. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயிலே கிடையாது. தருமபுரியில் ஸ்டேஷன் இருந்தாலும் சேலம்–ஓசூர் தடத்தில் ஓடும் வண்டிகள் எண்ணிச் சொல்லும் அளவில்தான். ஞாயிறு இரவு பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வரும் பஸ்கள் கிளம்பும்போதே நிறைந்துவிடும். தொலைதூர ஆம்னி பஸ் என்றால் ஊருக்குள் வராது, நடுராத்திரி 2 மணிக்கு பைபாஸிலோ டோல்கேட் பக்கத்திலோ இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து பாலக்கோட்டுக்கோ ஊத்தங்கரைக்கோ போக வேண்டியவர் விடியும்வரை டீக்கடை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். அதனால் கீழே உள்ள மூன்று சுற்றுகளையும் பார்க்க எவ்வளவு இருக்கிறது என்பதோடு, எப்படித் திரும்பலாம் என்பதையும் வைத்தே எடை போட்டிருக்கிறோம்.

மேற்குச் சுற்று: பெங்களூர், மைசூர், ஊட்டி, கோவை

கோடைக்கு முதல் தகுதி இந்தச் சுற்றுக்குத்தான். போகப் போக வெயில் குறைகிறது. தருமபுரியில் 37, 38 டிகிரி கொளுத்தும்போது பெங்களூர் 33, 34இல் நிற்கும், ஊட்டியில் பகலிலும் 22, 23ஐத் தாண்டுவது அபூர்வம்.

தூரம் தோராயமாக: கிருஷ்ணகிரி–பெங்களூர் 90 கி.மீ., பெங்களூர்–மைசூர் 145, மைசூர்–ஊட்டி 155, ஊட்டி–கோவை 85, கோவையிலிருந்து சேலம் வழியாகத் தருமபுரி 230. எந்த நாளும் ஆறு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார வேண்டியதில்லை.

பெங்களூருக்குள் நுழைவதுதான் பழைய தலைவலி. சில்க் போர்டு சந்திப்பு தின்னும் நேரத்தில் இன்னொரு முறை ஓசூர் போய் வரலாம் என்பது நம் பக்கத்தில் பழகிப்போன கிண்டல். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை மெட்ரோ மஞ்சள் தடம் திறந்த பிறகு கணக்கு மாறிவிட்டது. ஓசூர் ரோட்டில் வரும் பஸ்ஸிலிருந்து பொம்மசந்திராவிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இறங்கி மெட்ரோ ஏறுங்கள். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மெஜஸ்டிக். அங்கே இறங்கினால் பெங்களூர் ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது, மைசூருக்கு அங்கிருந்தே ரயில். ஒரு எச்சரிக்கை: எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் பல பஸ்கள் மேம்பாலம் ஏறிவிடும், பிறகு இறங்கும் இடம் சில்க் போர்டுதான். கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போதே இறங்குமிடத்தைச் சொல்லிவிடுங்கள்.

மைசூரில் நாள் பார்த்துப் போக வேண்டும். அரண்மனையின் முழு விளக்கு அலங்காரம் ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாளும் இரவு 7 மணிக்கு. மற்ற நாளில் போய் இருட்டில் நின்றுவிட்டு, படத்தில் பார்த்தது இதுவல்லவே என்று திரும்புகிறவர்கள் நிறைய. மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய் விடுமுறை. ஆகவே சனி காலை ஊரில் கிளம்பி, இரவு பெங்களூரில் தங்கி, ஞாயிறு மதியத்துக்குள் மைசூர் சேர்வது நல்லது. அப்படிச் செய்தால் இன்னொரு லாபமும் தானாக வரும். ஊட்டிக்குத் திங்கள், செவ்வாயில் போவீர்கள், வார இறுதிக் கூட்டம் அதற்குள் மலையிறங்கியிருக்கும். வீடு திரும்புவது புதன்கிழமை, பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை இருக்காது.

மைசூர்–ஊட்டி சாலை குண்டலுப்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, கூடலூர் வழியாகப் போகிறது. பந்திப்பூர்க் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மாலை 4 மணிக்கு மேல் மைசூரை விட்டுக் கிளம்புவது வீண் பதற்றம். காலை பஸ்ஸில் ஏறினால் ஐந்து மணி நேரத்தில் ஊட்டி.

இந்தச் சுற்றில் பஸ்ஸா காரா என்ற கேள்விக்கு ஊட்டியே விடை சொல்லிவிடுகிறது. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் ஏப்ரல் முதல் ஜூன் வரை அதற்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் இது கிடையாது. பாஸ் வண்டி எண்ணுக்குத்தான் தரப்படுகிறது. வாடகை வண்டி எடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். புக்கிங்கின்போது ஒரு நம்பர் சொல்வார்கள், கிளம்பும் காலை “அந்த வண்டி சர்வீஸில் இருக்கு” என்று வேறு வண்டி வந்து நிற்கும். கையிலிருக்கும் பாஸ் செல்லாது. வரம்பு நிரம்பிய நாளாக இருந்தால் புதிதாகவும் கிடைக்காது. முதல் நாள் இரவே வண்டி நம்பரை உறுதி செய்துகொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், பை எல்லாம் நீலகிரியில் தடை. சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும்.

மலை ரயில் கிடைத்தால் எடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கி.மீ. 1908இல் ஊட்டி வரை எட்டிய பாதை, 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பல்சக்கரத்தைப் பிடித்து ஏறுவதால் ஏற்றத்துக்கு ஐந்து மணி நேரம் ஆகும், இறக்கம் அதைவிட விரைவு. நம் சுற்றில் ஊட்டியிலிருந்து இறங்கும் பயணம்தான் பொருந்தும்: மதியம் 2 மணி வாக்கில் கிளம்பி மாலையில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து ஒரு மணி நேரத்தில் கோவை. மே மாத டிக்கெட் திறந்த அன்றே தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் குன்னூர் வரை உள்ளூர் பஸ்ஸில் போய் தேயிலைத் தோட்டம் பார்த்துவிட்டு இறங்குங்கள், பெரிய நஷ்டமில்லை.

கோவையில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் திரும்பலாம். எர்ணாகுளம்–பெங்களூர் இன்டர்சிட்டி மதியம் கோவை வந்து, சேலம் வழியாக மாலையில் தருமபுரி சேர்கிறது. கோவை–பெங்களூர் வந்தே பாரத்துக்கும் தருமபுரியில் நிறுத்தம் உண்டு, கட்டணம் கூடுதல். கிருஷ்ணகிரிக்காரர்கள் தருமபுரியில் இறங்கி ஒரு மணி நேர பஸ்.

கிழக்குச் சுற்று: திருவண்ணாமலை, புதுச்சேரி, மாமல்லபுரம், சென்னை

கடல் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இது. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை, செங்கம் வழியாகத் திருவண்ணாமலை 105 கி.மீ., தருமபுரிக்காரர்களுக்கு அரூர் வழி. அங்கிருந்து புதுச்சேரி இன்னொரு 105. காரில் போனால் வழியில் செஞ்சி. ராஜகிரிக் கோட்டையில் ஏறுவது காலையில் திறந்ததுமே தொடங்கினால் மட்டும். மே மாதம் 11 மணிக்கு அந்தப் படிகளில் நிற்பது வேண்டுதலுக்கு மட்டுமே ஆகும்.

வெயில்தான் இந்தச் சுற்றின் பலவீனம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மே 28 வரை போகிறது. சென்னையில் பகல் 38ஐத் தொடும், காற்றில் ஈரமும் சேர்வதால் 38 என்பது 42 போல எரிக்கும். காலை 6 முதல் 9, மாலை 5க்கு மேல், இவ்வளவுதான் உபயோகமான நேரம். நடுவில் ஏழெட்டு மணி நேரம் ரூமிலோ மாலிலோ கிடக்க வேண்டும். ஐந்து நாள் பயணத்தில் உண்மையில் இரண்டரை நாள்தான் சுற்றுவீர்கள். ஏசி ரூம் எடுக்காமல் முடியாது, எடுத்தால் மேற்குச் சுற்றைவிடத் தங்கும் செலவு கூடும். பெட்ரோல் மட்டும் புதுச்சேரியில் தமிழ்நாட்டைவிட விலை குறைவு, சொந்தக் காரில் போகிறவர்கள் டேங்க் நிரப்பிக்கொண்டு கிளம்பலாம்.

ஆனாலும் புதுச்சேரி மாலை நேரத்துக்கு ஈடில்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள், மறுநாள் காலை வரை முழுச் சாலையும் நடப்பவர்களுக்கு. வார இறுதியில் பெங்களூரும் சென்னையும் சேர்ந்து அங்கே இறங்குவதால் ரூம் வாடகை ஏறிவிடும், திங்கள் முதல் வியாழன் வரை போவதே சரி. ஊருக்குள் சுற்ற வாடகை ஸ்கூட்டர் வசதி. ஓட்டுகிற ஒவ்வொருவரிடமும் லைசென்ஸ் இருக்க வேண்டும், ஹெல்மெட்டும் வேண்டும். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரிமந்திர் உள்ளே போக முன்பதிவு வேண்டும், நேரில் போய்க் கேட்டால் தூரத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கு மட்டும் அனுமதி. புதுச்சேரியிலிருந்து மது பாட்டில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு தமிழ்நாட்டு எல்லைக்குள் வராதீர்கள். சாவடியில் பஸ்ஸில் ஏறிச் சோதிப்பார்கள், ஒருவர் மாட்டினால் ஆறு பேரின் பயணமும் அங்கே நிற்கும்.

மாமல்லபுரத்துக்கு ஈசிஆர் பஸ்ஸில் வருபவர்களை ஊருக்குள் விடமாட்டார்கள், பிரதான சாலையில்தான் இறக்குவார்கள். அங்கிருந்து ஆட்டோ. தொல்லியல் துறையின் சின்னங்கள் காலை 6 மணிக்கே திறக்கும். முதல் நாள் இரவே வந்து தங்கினால்தான் அந்த நேரம் கைக்கு வரும்.

பௌர்ணமி தேதியைக் காலண்டரில் பார்க்காமல் இந்தச் சுற்றுக்குத் தேதி குறிக்காதீர்கள். சித்ரா பௌர்ணமி அன்று திருவண்ணாமலைக்கு லட்சக்கணக்கில் கூட்டம். பஸ் ஸ்டாண்டுகளையே ஊருக்கு வெளியே மாற்றிவிடுவார்கள். கிரிவலம் போகத்தான் திட்டம் என்றால் அது வேறு, 14 கி.மீ. நடந்துவிட்டு மறுநாள் புதுச்சேரியில் தூங்கலாம்.

திரும்பும் வழியில் ஒரு குழப்பம் இருக்கிறது. தெற்கே போகும் பஸ்கள் கிளாம்பாக்கத்துக்கு மாறியதால் நம் பஸ்ஸும் அங்கேதான் என்று போய் நிற்பவர்கள் உண்டு. வேலூர் வழி வண்டிகளுக்கு நிலையம் வேறு. டிக்கெட்டில் ஏறுமிடம் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். ரயில் என்றால் சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டைக்கு நாள் முழுக்க வண்டி. அங்கிருந்து திருப்பத்தூர் போய், பர்கூர் வழியாகக் கிருஷ்ணகிரி பஸ். மாலை 7 மணிக்குள் ஜோலார்பேட்டை சேரும் வண்டியாகப் பிடியுங்கள்.

கொச்சி: ரயிலை நம்பினவர்களுக்கு

தருமபுரிக்காரர்கள் இதை ஏன் யோசிப்பதே இல்லை என்பது புரியாத விஷயம். பெங்களூர்–எர்ணாகுளம் இன்டர்சிட்டி காலையில் தருமபுரி ஸ்டேஷனுக்கே வருகிறது, மாலையில் எர்ணாகுளம். திரும்பும் வண்டியும் காலையில் அங்கே கிளம்பி மாலையில் இங்கே சேர்கிறது. போகவும் வரவும் வண்டி மாறத் தேவையில்லை, இரவுப் பயணம் இல்லை. வீடு சேரும்போது பென்னாகரம், அரூர் பஸ்கள் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கையில் செலவு மூன்று சுற்றிலும் இதற்கே குறைவு.

போக, வர இரண்டு பகல் ரயிலிலேயே போய்விடும், அதுதான் விலை. மீதி மூன்று நாளில் கொச்சியும் ஆலப்புழையும் மட்டும். நான்கைந்து நகரம் தாவ ஆசைப்படுபவர்களுக்கு இது சரிப்படாது. கொச்சியில் 2023 முதல் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு ஏசி படகு, சுமார் இருபது நிமிடம். விடுமுறை மாலைகளில் திரும்பும் வரிசை நீளும், காலையிலேயே போய் மாலை 4 மணிக்குள் திரும்புங்கள். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை, யூத ஜெபாலயத்துக்குச் சனி விடுமுறை, ஆகவே ஞாயிறு முதல் வியாழன் வரை வைத்துக்கொள்வது உத்தமம்.

ஆலப்புழையில் படகு வீடு எடுத்தால் ஆறு பேரின் மொத்த பட்ஜெட்டில் பெரிய துண்டு போய்விடும். அதே காயலைக் கேரள அரசு நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகில் சில பத்து ரூபாயில் பார்க்கலாம். ஆலப்புழை–கோட்டயம் படகு இரண்டரை மணி நேரம் போகும். ஊர்க்காரர்கள் காய்கறிப் பையோடு ஏறி இறங்குவார்கள். கேரளத்தில் பருவமழை வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும், மே 20க்குள் போய்வருவது பாதுகாப்பு.

ஆறு பேரா, ஏழு பேரா

ஊரைவிட இந்த எண்ணிக்கை செலவை மாற்றும். ஐஆர்சிடிசியில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். ஆட்டோவில் மூன்று பேர், ஆறு பேருக்கு இரண்டு ஆட்டோ. மூன்று படுக்கை போட்ட ரூம் இரண்டு. ஏழாவது ஆள் சேர்ந்ததும் இரண்டாவது டிக்கெட், மூன்றாவது ஆட்டோ, மூன்றாவது ரூம். சேர்ப்பதென்றால் எட்டு, ஒன்பது ஆக்கிவிட்டு டெம்போ டிராவலர் பேசுவதே கட்டுப்படியாகும்.

ஏழு சீட்டு வண்டியில் டிரைவர் போக ஆறு பேர் உட்காரலாம் என்று சொல்வார்கள். உட்காரலாம். ஆனால் கடைசி வரிசை சீட்டை நிமிர்த்தியதும் டிக்கியில் இரண்டு மூன்று சிறிய பை வைக்கத்தான் இடம். மிச்சம் மடியில். மேலே கேரியர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வாடகை வண்டியில் நகரம் தாவும் பயணத்துக்கு ஒரு பொறி உண்டு, அது தினசரிக் குறைந்தபட்ச கிலோமீட்டர். மேற்குச் சுற்றில் ஊர் ஊராகச் சேர்த்து, தருமபுரி–கிருஷ்ணகிரி 45 கி.மீ. உட்பட, 750 கி.மீ., உள்ளே சுற்றுவதையும் கூட்டினால் 900. ஒரு நாளைக்கு 250 கி.மீ. குறைந்தபட்சம் என்று பேசியிருந்தால் ஐந்து நாளுக்கு 1,250 கி.மீ. பில். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 25,000 ரூபாயில் 7,000 ரூபாய் ஓடாத ஓட்டத்துக்கு. அதன் மேல் டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், வெளிமாநில பெர்மிட். பெங்களூரிலும் மைசூரிலும் வண்டி பார்க்கிங்கில் தூங்கும் நாளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு. மேற்குச் சுற்றை பஸ், மெட்ரோ, ரயில் என்று போகச் சொல்வதற்கு இ-பாஸைவிட இதுதான் பெரிய காரணம்.

தெரிந்தவரின் ஒயிட் போர்டு காரை வாடகைக்கு எடுக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் விபத்தில் இன்சூரன்ஸ் கைவிடும். கர்நாடக எல்லையிலும் பிடிப்பார்கள். சொந்தக் காரை நீங்களே ஓட்டினால் அந்தப் பிரச்னை இல்லை. டோலுக்கு 2025 ஆகஸ்ட் 15 முதல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 200 முறை அல்லது ஓர் ஆண்டு வரை, தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் மட்டும். பைக்கில் போகும் திட்டம் என்றால் பெங்களூர்–மைசூர் விரைவுச் சாலையின் நடுத் தடத்தில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனம் கூடாது, பக்கச் சாலைதான். காரில் தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்குபவர்கள் தொப்பூர்க் கணவாயில் லாரிக்கு முன்னால் போய் மெதுவாக்காதீர்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் இருப்பதைத்தான் முட்டும்.

யாருக்கு எது

மே மாதம், ஐந்து நாள், ஆறு பேர் என்றால் மேற்குச் சுற்று, சனி முதல் புதன் வரை. நான்கு நாள்தான் கிடைக்கும் என்றால் ஊட்டியைச் சேர்த்து இழுக்காதீர்கள். பெங்களூர் ஓர் இரவு, மைசூர் இரண்டு இரவு போட்டு அதே வழியில் திரும்புங்கள். ஒவ்வொரு ஊர் மாறும்போதும் ரூம் காலி செய்வது, பை தூக்குவது, அடுத்த ஊரில் 12 மணி செக்-இன்னுக்குக் காத்திருப்பது என்று அரை நாள் போகும். நான்கு நாளில் நான்கு ஊர் என்றால் பார்ப்பது பஸ் ஸ்டாண்டுகளைத்தான்.

கையில் காசு குறைவு, ஊரும் தருமபுரி என்றால் கொச்சி. ஏப்ரல் முதல் பாதியிலேயே பரீட்சை முடிந்துவிட்டது, கடல்தான் வேண்டும் என்றால் கிழக்கு. மே மாதம் கிழக்குப் பக்கம் போகச் சொல்ல மனமில்லை.

முடிவானதும் திரும்பும் ரயில் டிக்கெட்டை முதலில் எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போடுங்கள்: சிலருக்கு உறுதியாகிச் சிலர் காத்திருப்பில் நின்றால் டிக்கெட் உயிரோடு இருக்கும், எல்லோரும் காத்திருப்பில் நின்றுவிட்டால் சார்ட் தயாரானதும் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். தட்கலை நம்பினால் ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான், ஆதார் இணைத்த கணக்கும் வேண்டும். அடுத்து ரூம். பையன்கள் கூட்டம் என்றால் சில லாட்ஜுகள் வாசலிலேயே இல்லை என்றுவிடும், ஆன்லைனில் பணம் கட்டுமுன் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஆறு பேரின் ஆதாரும் கையில் வேண்டும். போகும் பஸ்ஸைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

மைசூரிலோ கோவையிலோ தெரிந்தவர் வீட்டுக்கு மாம்பழம் கொண்டு போகிறவர்கள் செந்தூராவைப் பழுத்ததாக வாங்க வேண்டாம். முற்றிய காயாக வாங்கி, வைக்கோலும் பேப்பரும் அடுக்கிய அட்டைப் பெட்டியில் வைத்து, பஸ்ஸில் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் போட்டால் போய்ச் சேரும்போது ஜூஸாக இருக்கும்.